டவுன்லோடு செய்த ஆப் திறக்க மறுக்கிறதா? எச்சரிக்கையைப் படித்து, அதற்கேற்பச் சரிசெய்யும் முறை

தனி ஆளாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ எழுதும் நல்ல ஆப்கள் பல ஸ்டோருக்குள் வருவதே இல்லை. ஸ்டோர் விதிகள் அனுமதிக்காத வேலையைச் செய்வதால் சில வெளியே நிற்கின்றன. ஆண்டுச் சந்தா கட்ட இயலாமல் வெளியே நிற்பவையும் உண்டு. அப்படி ஒன்றை டெவலப்பரின் தளத்திலிருந்து எடுத்து இரட்டைக் கிளிக் செய்தால், குறுக்கே ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. பலரும் பயந்துபோய் ஆப்பைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் எங்கோ பார்த்த ஒரு கட்டளையை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) ஒட்டி, கணினியின் காவலையே மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். முதலாமவர் நல்ல ஆப்பை இழக்கிறார், இரண்டாமவர் அதைவிடப் பெரியதை இழக்கக்கூடும்.

எந்த செட்டிங்கையும் தொடும் முன் பெட்டியில் உள்ள வாக்கியத்தைக் கடைசி வரை படியுங்கள். எல்லா எச்சரிக்கையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் சொல்வது வேறு. தீர்வும் அதற்கேற்ப மாறும். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி மேக்குக்கானது, ஏனென்றால் அங்கேதான் சிக்கல் அதிகம். விண்டோஸ் பற்றிப் பிற்பகுதியில் வருகிறது.

'இது இணையத்திலிருந்து டவுன்லோடு செய்யப்பட்ட ஆப், திறக்கலாமா?' என்று கேட்கிறது

இது பிழை இல்லை. பிரவுசர் வழியாக வரும் ஃபைல்கள்மீது மேக் ஒரு 'குவாரண்டைன்' முத்திரை ஒட்டுகிறது. 2007-ல் வந்த லெப்பர்டு பதிப்பிலிருந்தே இந்த வழக்கம் உண்டு. முதல் முறை திறக்கும்போது அந்த முத்திரையைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறது. எந்த பிரவுசர், எந்த நாள் என்பதும் பெட்டியில் இருக்கும். அதன் கீழே, ஆப்பிள் சோதித்ததில் தீங்கான மென்பொருள் எதுவும் தென்படவில்லை என்ற வரி இருந்தால், டெவலப்பர் 'நோட்டரைசேஷன்' செய்திருக்கிறார் என்று பொருள். நீங்கள்தான் டவுன்லோடு செய்தீர்கள் என்றால் 'ஓப்பன்' கொடுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த முத்திரை எல்லா வழியிலும் ஒட்டப்படுவதில்லை. பென் டிரைவில் யாரோ கொடுத்த ஆப் ஒரு கேள்வியும் இல்லாமல் திறந்துவிடலாம். கேள்வி வரவில்லை என்பதால் ஆப் சுத்தமானது என்று எண்ணிவிட வேண்டாம்.

'தீங்கான மென்பொருள் இல்லை என்று ஆப்பிளால் சரிபார்க்க முடியவில்லை' என்று வருகிறது

அதிகம் பேரை வழிமறிப்பது இதுதான். இதற்குப் பின்னால் இருப்பது 'கேட்கீப்பர்' என்னும் காவல். 2012-ல் வந்தது. முதலில் அது டெவலப்பரின் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது இவர் வெளியிட்டது, பிறகு யாரும் மாற்றவில்லை என்று காட்டும் அடையாளத்தை, மட்டும் பார்த்தது. 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து கையொப்பத்தோடு நோட்டரைசேஷனையும் எதிர்பார்க்கிறது. டெவலப்பர் தன் ஆப்பை ஆப்பிளுக்கு அனுப்ப, ஒரு தானியங்கிச் சோதனை நடந்து, சீட்டு ஒன்று கிடைக்கும். ஆப் ஸ்டோரில் மனிதர்கள் செய்யும் பரிசீலனை போன்றது இல்லை இது. என்றாலும் இதற்கு ஆண்டுக்கு 99 டாலர் டெவலப்பர் சந்தா வேண்டும். இலவசமாக ஒரு சிறு கருவியை எழுதிக் கொடுப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆகவே இந்த எச்சரிக்கைக்குப் பொருள் 'இது வைரஸ்' என்பதல்ல. 'எனக்கு இவரைத் தெரியாது' என்பதுதான். இவரைத் தெரியுமா, நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

நம்பலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? பெட்டியில் 'டன்', 'மூவ் டு டிராஷ்' என்று இரண்டு பட்டன்கள்தான் இருக்கும். திறப்பதற்கான வழி அங்கே இல்லை. அவசரத்தில் 'மூவ் டு டிராஷ்' அழுத்திவிடாதீர்கள். 'டன்' கொடுத்து மூடுங்கள். அடுத்து இடப்புற மேல்மூலையில் உள்ள ஆப்பிள் சின்னம் வழியாக 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், இடப்பக்கப் பட்டியலில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யைத் திறந்து, வலப்பக்கத்தை நன்றாகக் கீழே உருட்டுங்கள். கேமரா, மைக் எனப் பல வரிகள் கடந்த பிறகு 'செக்யூரிட்டி' என்ற தலைப்பு வரும். அதன் கீழே உங்கள் ஆப்பின் பெயரைச் சொல்லி, அது தடுக்கப்பட்டது என்ற வரியும், பக்கத்தில் 'ஓப்பன் எனிவே' பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் மீண்டும் ஒரு முறை உறுதி கேட்டு, அட்மின் பாஸ்வேர்டு அல்லது விரல்ரேகை கேட்கும். கொடுத்துவிட்டால் அந்த ஓர் ஆப்புக்கு மட்டும் விலக்கு பதிவாகிவிடும். அடுத்த முறையிலிருந்து இரட்டைக் கிளிக் போதும்.

பழைய வழிகாட்டிகளில் 'கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு கிளிக் செய்து ஓப்பன் கொடுங்கள்' என்று படித்திருப்பீர்கள். 2024-ல் வந்த செக்கோயா பதிப்பில் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் அது இன்னும் வேலை செய்யும்.

'ஓப்பன் எனிவே' பட்டனே அங்கே இல்லை

முதல் காரணம் நேரம். ஆப்பைத் திறக்க முயன்ற பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அந்த பட்டன் இருக்கும். நேற்று முயன்றுவிட்டு இன்று தேடினால் கிடைக்காது. ஆப்பை மறுபடி இரட்டைக் கிளிக் செய்து, எச்சரிக்கையை வரவழைத்து, உடனே செட்டிங்ஸுக்குப் போங்கள்.

அப்படியும் இல்லையென்றால் அதே 'செக்யூரிட்டி' தலைப்பின் கீழ் எங்கிருந்து வரும் ஆப்களை அனுமதிப்பது என்ற தேர்வைப் பாருங்கள். 'ஆப் ஸ்டோர்' மட்டும் என்று இருந்தால், 'ஆப் ஸ்டோர் அண்ட் நோன் டெவலப்பர்ஸ்' என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் 'நோன்' என்பதற்குப் பதில் 'ஐடென்டிஃபைடு' என்று இருக்கும். வென்ச்சுராவுக்கு, அதாவது 2022-க்கு, முந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால் இவையெல்லாம் 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்' உள்ளே 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி'யின் 'ஜெனரல்' டேபில் இருக்கும். கீழே உள்ள பூட்டைத் திறந்தால்தான் மாற்ற விடும்.

அந்தத் தேர்வு மங்கலாக, தொட முடியாதபடி இருக்கிறதா? அப்படியானால் அது அலுவலகமோ கல்லூரியோ நிர்வகிக்கும் கணினியாக இருக்கக்கூடும். அங்கே குறுக்குவழி தேடாதீர்கள். அந்தக் கணினிக்குப் பொறுப்பானவரிடம் ஆப்பின் பெயரையும் தேவையையும் சொல்லிக் கேளுங்கள்.

மாறாக, தேர்வில் 'எனிவேர்' என்று இருந்தால் யாரோ முன்பே காவலை அணைத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வு 2016-ல் வந்த சியராவிலேயே செட்டிங்ஸிலிருந்து நீக்கப்பட்டது. டெர்மினல் வழியாக வரவழைத்தால்தான் தெரியும். பழைய கணினியை வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்த்து, 'நோன் டெவலப்பர்ஸ்' நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே விலக்கு கொடுத்த ஆப்கள் அதனால் நின்றுபோகாது.

'ஆப் டேமேஜ் ஆகிவிட்டது, குப்பையில் போடுங்கள்' என்கிறது

இந்த வாக்கியம்தான் சிறு டெவலப்பர்களுக்கு மிகப் பெரிய அநியாயம் செய்கிறது என்று நினைக்கிறேன். படிப்பவர் ஆப்பே மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் மேக் சொல்வது: கையொப்பத்துக்கும் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதற்குக் காரணம் பல.

டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கலாம். எனக்கே ஒரு முறை நேர்ந்தது. ஒரு படத்தொகுப்பு ஆப்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் செட்டிங்ஸைத் துருவினேன். கடைசியில் ஃபைலின் அளவைப் பார்த்தால், தளத்தில் குறித்திருந்ததில் பாதிதான் வந்திருந்தது. அன்றிலிருந்து இந்த எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக ஃபைண்டரில் ஃபைலைத் தேர்ந்து, கமாண்டு விசையோடு 'ஐ' விசையை அழுத்தி அளவைப் பார்க்கிறேன். தளத்தில் குறித்த அளவோடு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்து ஜிப்பைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். மேக் ஆப் என்பது ஒற்றை ஃபைல் போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு ஃபோல்டர். நூற்றுக்கணக்கான துணை ஃபைல்களும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளும் அதில் இருக்கும். வேறு பிரிப்புக் கருவிகளோ, கிளவுட் சேமிப்பிலேயே பிரித்துத் தரும் வசதியோ அந்த இணைப்புகளைச் சிதைத்துவிடலாம். பிரித்ததை நீக்கிவிட்டு, மூல ஜிப்பை மேக்கோடு வரும் 'ஆர்க்கைவ் யுடிலிட்டி' கொண்டு மீண்டும் பிரித்துப் பாருங்கள்.

எடுத்த இடம் டெவலப்பரின் சொந்தத் தளமா? இலவச டவுன்லோடு தளங்கள் சில, ஆப்பைப் பிரித்து வேறு எதையாவது சேர்த்துக் கட்டித் தருவதுண்டு. காசு கொடுக்காமல் பயன்படுத்த உடைத்த பதிப்பு என்றால் கையொப்பம் கட்டாயம் பொருந்தாது. அந்த இடத்தில் எச்சரிக்கை சொல்வது அப்பட்டமான உண்மை. ஆப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதை நீக்குங்கள்.

இவை எதுவும் இல்லை, டெவலப்பரின் தளத்திலிருந்தே முழுதாக எடுத்தேன் என்றால், அவரே ஆப்பைச் சரியாகக் கையொப்பமிடாமல் வெளியிட்டிருக்கலாம். இன்டெல் சில்லு கொண்ட மேக்கில் கையொப்பமே இல்லாத ஆப்கூட ஓடும். 2020 முதல் வந்த ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்டவற்றில் அடிப்படைக் கையொப்பமாவது இல்லாமல் எந்த நிரலும் ஓடாது. பழைய மேக்கில் ஓடியது புதியதில் 'டேமேஜ்' என்பதற்கு இது ஒரு காரணம். சரிசெய்ய வேண்டியவர் டெவலப்பர்தான், எழுதிக் கேளுங்கள்.

குவாரண்டைன் முத்திரையை நீக்கும் கட்டளை ஒன்று உண்டு, பலரும் அதைத்தான் மருந்தாகச் சொல்வார்கள். அது கையொப்பத்தைச் சரிசெய்வதில்லை, சோதனையைத் தவிர்க்கிறது. டெவலப்பரின் சொந்த வழிகாட்டியிலேயே அந்தக் கட்டளை இருந்து, ஃபைலையும் சரிபார்த்துவிட்டால், அந்த ஓர் ஆப்புக்கு மட்டும் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. வேறு எங்கிருந்தோ வந்த கட்டளையை, குறிப்பாக நிறுவும்போதே 'இந்த வரியை டெர்மினலில் ஒட்டுங்கள்' என்று படம் போட்டுக் காட்டும் ஆப்பை, நம்பவே நம்பாதீர்கள். திருட்டு நிரல்கள் இப்போது அதிகம் கையாளும் வழி அதுதான்.

'இந்த ஆப் உங்கள் கணினியைப் பாழாக்கும்' என்று வருகிறது

முந்தையதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஆப்பிள் அந்த ஆப்பை அடையாளம் கண்டு தடுத்திருக்கிறது, அல்லது டெவலப்பர் கையொப்பமிடப் பயன்படுத்தும் சர்டிஃபிகேட்டை ரத்து செய்திருக்கிறது. இதற்கு வழி தேட வேண்டாம். குப்பையில் போட்டு, குப்பையையும் காலி செய்யுங்கள்.

2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற பெயர்பெற்ற இலவச ஆப்பின் தளத்துக்குள் யாரோ நுழைந்து, 2.90 பதிப்பில் 'கீரேஞ்சர்' என்னும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். அது செல்லுபடியாகும் ஒரு சர்டிஃபிகேட்டால் கையொப்பமிடப்பட்டிருந்தது. அதனால் கேட்கீப்பர் தடுக்கவில்லை. செய்தி தெரிந்ததும் ஆப்பிள் சர்டிஃபிகேட்டை ரத்து செய்தது. அதன்பிறகு அந்தப் பிரதியைத் திறக்க முயன்றவர்களைக் கேட்கீப்பரே மறித்தது. காவலை நிரந்தரமாக அணைத்து வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு போய்ச் சேராது.

ஆப் திறக்கிறது, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை

ஷார்ட்கட் விசை வேலை செய்யவில்லை, திரைப்பதிவு கறுப்பாக வருகிறது, ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது. இவை ஆப்பின் பிழை போலத் தோன்றும். பெரும்பாலும் காரணம் அனுமதி. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் விசை, சுட்டி தொடர்பானவற்றுக்கு 'அக்சசிபிலிட்டி', திரைக்கு 'ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் ஆடியோ ரெக்கார்டிங்' (பழைய பதிப்புகளில் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்'), ஃபைல்களுக்கு 'ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். திரைப்பதிவு அனுமதியைக் கொடுத்தபின் ஆப்பை மூடித் திறந்தால்தான் அது செல்லும்.

அனுமதி ஏற்கெனவே நீலமாக, 'ஆன்' என்றே காட்டுகிறது, ஆனாலும் வேலை செய்யவில்லையா? சிறு டெவலப்பர்களின் ஆப்களில் அப்டேட்டுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும். மேக் அனுமதியை ஆப்பின் பெயரோடு இணைப்பதில்லை, கையொப்பத்தோடு இணைக்கிறது. புதிய பதிப்பின் கையொப்பம் மாறியிருந்தால், பட்டியலில் தெரியும் வரி பழைய ஆப்புடையது. சுவிட்சை அணைத்துப் போட்டால் சில நேரம் தீராது. அந்த வரியைத் தேர்ந்து, கீழே உள்ள கழித்தல் குறியை அழுத்தி அடியோடு நீக்குங்கள். ஆப்பை முழுதாக மூடித் திறந்தால் புதிதாக அனுமதி கேட்கும். கேட்காவிட்டால் கூட்டல் குறியை அழுத்தி நீங்களே சேர்க்கலாம்.

கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. கிளிப்போர்டு நிர்வகிக்கும் ஆப் உங்களுக்காக ஒட்டித் தர வேண்டும் என்றால் அதற்கு 'அக்சசிபிலிட்டி' வேண்டியதுதான். ஒரு கால்குலேட்டர் 'ஃபுல் டிஸ்க் அக்சஸ்' கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நல்ல டெவலப்பர் தன் தளத்திலேயே காரணம் எழுதியிருப்பார்.

அப்டேட் ஆக மறுக்கிறது, செட்டிங்ஸை மறந்துவிடுகிறது

ஆப் இன்னும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலேயே இருக்கிறதா, அல்லது டவுன்லோடாக வந்த டிஎம்ஜி (வட்டு போலத் திறக்கும் ஃபைல்) உள்ளிருந்தே திறக்கிறீர்களா? குவாரண்டைன் முத்திரையோடு அங்கே இருக்கும் ஆப்பை மேக், எழுத முடியாத ஒரு தற்காலிக இடத்திலிருந்து ஓட்டுகிறது. ஆப்பால் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது. ஃபைண்டரில் அதை 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்கு இழுத்துவிட்டுத் திறங்கள், தீர்ந்தது.

இணையம் இல்லாதபோது மட்டும் மறுக்கிறது

நோட்டரைசேஷன் சீட்டை ஆப்போடு சேர்த்து ஒட்டாமல் வெளியிட்டால், முதல் முறை திறக்கும்போது மேக் அதை இணையத்தில் தேடும். ஒரு முறை இணையத்தோடு திறந்துவிடுங்கள்.

'எக்ஸ்டென்ஷன் தடுக்கப்பட்டது' என்கிறது

எக்ஸ்டென்ஷன் என்பது கணினிக்குள் ஆழமாக இணையும் துணை நிரல். ஆடியோ, நெட்வொர்க் ஆப்களில் வரும். பெட்டி காட்டும் செட்டிங்ஸ் பக்கத்தில் அனுமதி கொடுத்து, கேட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆப்பிள் சில்லு மேக்கில் ரெக்கவரிக்குப் போய் 'ரெடியூஸ்டு செக்யூரிட்டி' ஆக்கச் சொன்னால் அது இயங்குதளத்தின் மையத்திலேயே ஓடும் பழைய பாணி கெர்னல் எக்ஸ்டென்ஷன். அதைச் செய்யும் முன் அதே வேலைக்குப் புதிய பாணியில் எழுதப்பட்ட ஆப் இருக்கிறதா என்று தேடுவேன்.

விண்டோஸில்: 'விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது' என்ற நீலப்பெட்டி

இது விண்டோஸின் காவலான ஸ்மார்ட்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரிவது 'டோன்ட் ரன்' மட்டுமே. எழுத்தோடு எழுத்தாக இருக்கும் 'மோர் இன்ஃபோ'வை அழுத்தினால் ஃபைலின் பெயரும் வெளியிட்டவர் பெயரும், கீழே 'ரன் எனிவே' பட்டனும் வரும். இங்கே மதிப்பிடப்படுவது பெரிதும் நற்பெயர்தான். குறைவான பேர் டவுன்லோடு செய்த புது ஃபைல் என்றாலே எச்சரிக்கும். அதனால்தான் சென்ற மாதம் சும்மா திறந்த ஆப், நேற்று வந்த பதிப்பில் மறுபடி எச்சரிக்கையோடு வருகிறது.

ஜிப்பாக வந்த ஆப் என்றால், பிரிக்கும் முன்பே ஜிப்பின்மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போய், அடியில் 'அன்பிளாக்' என்பதை டிக் செய்து 'அப்ளை' கொடுங்கள். பிரித்த பிறகு செய்தால் உள்ளே உள்ள ஃபைல்களிலெல்லாம் இணைய முத்திரை தங்கி, ஆப் பாதி வேலை செய்து பாதியில் நிற்கும்.

'ரன் எனிவே' தரவே இல்லையென்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, நம்பகம் தெரியாத ஆப்களைத் தடுக்கும் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்'. விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்போடு வந்தது. இதில் ஓர் ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்கும் வழியே இல்லை. வந்த காலத்தில் ஒரு முறை அணைத்துவிட்டால் விண்டோஸைப் புதிதாக நிறுவாமல் திரும்ப இயக்க முடியாது என்றும் இருந்தது. ஆகவே உங்கள் பதிப்பில் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பதைப் படித்த பிறகே கை வையுங்கள். இன்னொன்று, 'எஸ் மோடு'. ஸ்டோர் ஆப்களை மட்டுமே அது ஏற்கும். அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம், திரும்ப நுழைய முடியாது.

டவுன்லோடு ஆன ஃபைல் கண்முன்னே மறைந்தால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எடுத்து ஒதுக்கியிருக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். எந்தப் பெயரில் பிடித்தது என்று இருக்கும். அந்தப் பெயரோடு டெவலப்பரிடம் கேட்காமல் 'ரீஸ்டோர்' கொடுக்காதீர்கள்.

ஃபைல் அசல்தானா என்று சந்தேகம்

டெவலப்பர் தளத்தில் 64 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு நீண்ட வரி கொடுத்திருந்தால் அது ஷா-256 செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே அதைக் கணக்கிடலாம். மேக்கில் டெர்மினலில் அதற்கான கட்டளை உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்துத் திருப்தி அடையாமல், நீங்கள் கணக்கிட்ட முழு வரியையும் தளத்தில் 'ஃபைண்டு' போட்டுத் தேடுங்கள். பொருந்தினால் சிக்கும்.

2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி ஆப்பின் மாற்று டவுன்லோடு சர்வர் ஒன்றில் நுழைந்து, ஃபைலுக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த பிரதியை வைத்துவிட்டார்கள். சில நாள்கள் அது அங்கே இருந்தது. பிறகு அந்தக் குழுவே செக்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அறிவித்தது. ஒப்பிட்டவர்களுக்குத் தங்கள் பிரதி எது என்று உடனே தெரிந்தது.

எதுவும் பலிக்கவில்லை

டெவலப்பருக்கு எழுதுங்கள். இவ்வளவு சிறிய ஆப்களில் உங்கள் மடலைப் படிப்பவர் பெரும்பாலும் அந்த ஆப்பை எழுதியவராகவே இருப்பார். 'திறக்கவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. எச்சரிக்கைப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட், இயங்குதளத்தின் முழுப் பதிப்பு எண், மேக் என்றால் சில்லு இன்டெல்லா ஆப்பிளா என்பது, டவுன்லோடு செய்த ஃபைலின் பெயரும் அளவும், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள், இதற்கு முன் எந்தப் பதிப்பு ஓடியது என்பவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். இடையில் முயன்றவற்றையும், குறிப்பாக டெர்மினலில் ஏதாவது கட்டளை கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.